வேலையே கிடைக்கலை... அதுக்குள்ள ப்ரமோஷனா?

டாக்டருக்குப் படிக்கலாம். நர்ஸுக்குப் படிக்கலாம். மெடிக்கல் ஷாப் வைக்க பார்மஸி படிக்கலாம். ஆனால், 'ஜனங்களே, நோய் வராமப் பார்த்துக்குங்க' என்று சொல்வதற்கு ஒரு படிப்பாம், அதற்கு ஒரு பரீட்சையாம், கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு ஒரு பட்டமளிப்பு விழாவாம்! இதைத்தானே நம்ம பாட்டிமார்கள் வெற்றிலை இடித்துக்கொண்டே ஓசியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்?

ராமநாதபுரத்தில் எனக்குத் தெரிந்த பலசரக்குக் கடைக்காரர் ஒருவர். மகள் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு 'ஹெல்த் ப்ரமோஷன் படிக்கப் போறேன்' என்றதும் மனிதர் ஆடிப்போய்விட்டார். "வேலையே கிடைக்கலை, அதுக்குள்ள ப்ரமோஷனா? நீங்க பத்திரிகைல எழுதுறவராச்சே, சொல்லுங்க. இது உருப்படுற படிப்பா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

நான் படித்ததோ பி.காம். எனக்கு எதையும் பற்று, வரவு போட்டுப் பார்த்தால்தான் புரியும். சரி, இந்தப் படிப்புக்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன்.

முதலில் பெயர் விளக்கம். தமிழில் 'சுகாதார மேம்பாடு' என்கிறார்கள். 1986 நவம்பரில் கனடாவின் ஒட்டாவா நகரில் உலக சுகாதார நிறுவனம் ஒரு மாநாடு கூட்டியது. அங்கே வெளியான சாசனம்தான் இந்தப் படிப்புக்குப் பால பாடம். ஐந்து வேலைகளைச் சொல்கிறது. அரசாங்கம் எந்தத் திட்டம் போட்டாலும் ஜனங்களின் உடம்பை நினைத்துப் போட வேண்டும். வாழும் இடம் வாழத் தகுந்ததாக இருக்க வேண்டும். ஊர் கூடிச் செயல்பட வேண்டும். தனி ஆளுக்கும் விவரம் தெரிய வேண்டும். ஆஸ்பத்திரிகள் வந்த நோயைப் பார்ப்பதோடு, வரப்போகும் நோயையும் யோசிக்க வேண்டும்.

ரொம்ப கனமாக இருக்கிறதா? நம்ம ஊர்க் கணக்கில் சொல்கிறேன். 'சாப்பிடுமுன் கையைக் கழுவு' என்பது உபதேசம். கழுவுவதற்குக் குழாயில் தண்ணீர் வர வழி செய்வது சுகாதார மேம்பாடு. நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பாகக் கரிக்கும் ராமநாதபுரம் மாவட்டத்தில், இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் குடம் தூக்கும் எந்தப் பெண்ணுக்கும் தெரியும். யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

மண்டபத்தில் ஒரு பழைய பாடம்

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் பஸ்ஸில் ஏறினால், பாம்பன் பாலத்துக்கு முன்னால் மண்டபம் கேம்ப் வரும். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் இலங்கை அகதிகள் முகாம்தான் ஞாபகத்துக்கு வரும். அதற்கு வெகு காலம் முன்பு, வெள்ளைக்காரன் காலத்தில், அங்கே அன்றைய சிலோன் அரசு நம் கரையிலேயே ஒரு முகாம் நடத்தியது. தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற நம் ஜனங்களை அங்கே சில நாள் நிறுத்திவைப்பார்கள். அம்மை குத்துவார்கள், காலரா இருக்கிறதா என்று கண்காணிப்பார்கள். 'சுத்தமான ஆள்' என்று தெரிந்த பிறகுதான் தனுஷ்கோடிக்கு ரயில், அங்கிருந்து கப்பல்.

அதுவும் சுகாதாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் யாருடைய சுகாதாரம்? தோட்டத்துக்குள் தொற்றுநோய் போய்விடக் கூடாது, வேலை நின்றுவிடக் கூடாது. அவ்வளவுதான் கவலை. அங்கே போய் ஒண்டுக்குடித்தன லயன் வீட்டில் அந்தக் குடும்பம் என்ன தண்ணீர் குடித்தது என்பதை மண்டபத்தில் குத்திய ஊசி கேட்கவில்லை. ஆளை வரிசையில் நிறுத்தி ஊசி போடுவது ஒரு வகை. அந்த ஆளிடம் 'உனக்கு என்னப்பா கஷ்டம்?' என்று கேட்பது இன்னொரு வகை. இந்தப் படிப்பு அந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

கடல் மேல வாக்கிங்!

பாம்பனில் ஒரு டீக்கடை. ஐம்பது வயது மதிக்கத்தக்க மீனவர் ஒருவர் டீயில் சர்க்கரையைத் தாராளமாகக் கலக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர், "அண்ணே, உங்களுக்கு சுகர்னு சொன்னாங்களே... நடக்கச் சொல்லலையா?" என்றார்.

"சொன்னாக. எங்க நடக்கிறது? டோக்கன் வாங்கிட்டுக் காலைல கடலுக்குப் போனா மறுநாள் காலைலதான் கரை. கடல் மேலயா நடக்க முடியும்? அதுக்கு ஏசுநாதர்தான் வரணும்!"

கடையே சிரித்தது. நான் விடவில்லை. "மாத்திரையாவது ஒழுங்கா போடுறீங்களாண்ணே?" என்று கேட்டேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"தம்பி, கடல்ல சாப்பாடு நேரத்துக்குக் கிடையாது. வலை ஏத்துற நேரம்னா சோறு அப்படியே கெடக்கும். மாத்திரையப் போட்டுட்டுச் சாப்பிடலைன்னா கை நடுங்குது, கண்ணு இருட்டுது. நடுக்கடல்ல மயங்கி விழுந்தா யாரு புடிப்பா? அதனால மாத்திரைய வீட்லயே வச்சுட்டுப் போயிருவேன்."

யோசித்துப் பாருங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தது தப்பில்லை. சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சரேலென்று இறங்கும் என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட உண்மை. ஆக, மீனவர் சொன்னதும் தப்பில்லை. இரண்டு பேரும் சரி. ஆனாலும் சர்க்கரை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது!

இந்த இருவருக்கும் நடுவே ஓர் ஆள் குறைகிறார். கடலுக்குப் போகும் நேரத்தை டாக்டரிடம் எடுத்துச் சொல்லி, அதற்குத் தோதாக மருந்தை மாற்ற முடியுமா என்று கேட்க ஓர் ஆள். படகில் இருக்கிற மற்றவர்களுக்கு, 'இவருக்குக் கை நடுங்கினா உடனே சர்க்கரைத் தண்ணி கொடுங்க' என்று சொல்லிக்கொடுக்க ஓர் ஆள். இந்த ஆளைத் தயார் செய்வதுதான் அந்தப் படிப்பு. பாட்டி வைத்தியத்தில் இது வராது. எம்.பி.பி.எஸ். படித்த டாக்டருக்கு இதற்கு நேரமில்லை. வெளியே நூறு பேர் சீட்டோடு நிற்கிறார்களே!

2021 ஆகஸ்ட் 5-ல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்தத் திசையில் ஒரு நல்ல அடி. பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்த்து, மாத்திரையும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ஆனால் மாத்திரை வீடு வரை வந்தால் போதுமா? அது படகு ஏற வேண்டாமா?

சொல்லிக்கொடுக்க வேண்டாம், கேட்டுக்கொள்ளுங்கள்

பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பார்த்தால் இன்னொரு விஷயம் புரியும். பாசி பாறையில் ஒட்டியிருக்கும். பிய்த்து எடுத்தால் விரல் கிழியும். காலில் பாறை குத்தும். இவர்களுக்கு எந்தக் கம்பெனியும் பாதுகாப்பு உடை தைத்துத் தரவில்லை. அவர்களே விரல்களில் துணியைச் சுற்றிக்கொள்கிறார்கள், காலுக்கு ரப்பர் செருப்பு, கண்ணுக்கு ஒரு கண்ணாடி. இறங்கிவிடுகிறார்கள்.

இவர்களிடம் போய் 'கையைப் பத்திரமாப் பாத்துக்கம்மா' என்று துண்டுப் பிரசுரம் கொடுப்பவர் மண்டபம் முகாம் ஆசாமி. 'இந்தத் துணி எத்தனை நாள் தாங்குது? எங்க கிழியுது? வேற எதுல செஞ்சா சரியா இருக்கும்?' என்று கேட்டு, அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்பவர்தான் சுகாதார மேம்பாடு படித்தவர். நோட்டை எடுக்க வேண்டியவர் அந்தப் பெண் இல்லை, நம் பட்டதாரிதான்.

ஏர்வாடி மறக்கக் கூடாதது

இந்தக் கரையில் சிரித்துக்கொண்டே எழுத முடியாத ஓர் இடமும் உண்டு. ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, அங்கே தனியார் நடத்திய ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. கூரைக் கொட்டகை. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

நாடே அதிர்ந்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டன. சட்டம் செய்ய வேண்டியதைச் செய்தது. ஆனால் தர்காவுக்கு நோயாளியை அழைத்துவரும் குடும்பத்தை என்ன செய்வது? 'அங்கே போகாதே' என்று போர்டு வைத்தால் நின்றுவிடுமா? பெற்ற பிள்ளைக்குப் புத்தி பேதலித்து, போக வேறு இடம் தெரியாமல், கடைசி நம்பிக்கையாக வருகிறவர்கள் அவர்கள். இந்துவும் வருகிறார், முஸ்லிமும் வருகிறார், கிறிஸ்தவரும் வருகிறார்.

பிற்பாடு ஒரு நல்ல யோசனை வந்தது. குஜராத்தில் மெஹ்ஸானா மாவட்டத்து மீரா தாதர் தர்காவில் 'தவா - துவா' என்று ஏற்கெனவே செய்துகாட்டிய வழி. தவா என்றால் மருந்து, துவா என்றால் பிரார்த்தனை. தொழுகிற இடத்திலேயே மனநல மருத்துவரும் இருப்பார். பிரார்த்தனையை விட வேண்டாம், கூடவே மாத்திரையும் போடு என்பார். அதே வழி ஏர்வாடிக்கும் வந்தது. நம்பிக்கையோடு சண்டை போடாமல் அதன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருவது. சுகாதார மேம்பாட்டுப் பாடப் புத்தகத்தை ஒரே வரியில் சொல் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். இந்த நாற்காலி 2001-க்கு முன்பே போடப்பட்டிருந்தால்..? அந்தக் கேள்விக்காகவாவது இந்தப் படிப்பு வேண்டும்.

எங்கே படிக்கலாம்?

திண்டுக்கல் பக்கம் காந்திகிராமம். டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கியது. அங்குள்ள கிராமிய சுகாதார, குடும்ப நல நிறுவனம் 1964-லிருந்து இருக்கிறது. சுகாதார மேம்பாடு மற்றும் கல்வியில் முதுநிலை டிப்ளமோ நடத்திய பெயர் அதற்கு உண்டு. கல்கத்தாவில் 1932-ல் தொடங்கிய அகில இந்திய சுகாதார நிறுவனத்திலும் இப்படி ஒரு டிப்ளமோ உண்டு. இன்னும் மேலே போக ஆசைப்பட்டால் பொது சுகாதாரத்தில் எம்.பி.எச். இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிறுவனம் 1997-லேயே ஆரம்பித்துவிட்டது. சென்னை அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவு இயல் நிறுவனமும் நடத்துகிறது. சேருமுன் கட்டணம், தகுதி, அந்த வருடம் அட்மிஷன் உண்டா என்பதை அந்தந்த இடத்தில் நேராக விசாரித்துக்கொள்ளுங்கள். புரோக்கரை நம்ப வேண்டாம்!

இளநிலைப் பட்டமாகவே இதைப் படிக்கிற இடம் எங்கே தெரியுமா? ராமேஸ்வரத்துக்கு எதிர்க்கரையில்! தலைமன்னாரில் இறங்கி ரயிலேறினால் அனுராதபுரம். அதன் பக்கத்தில் மிகிந்தலை. அங்குள்ள ரஜரட்ட பல்கலைக்கழகத்தில் சுகாதார மேம்பாட்டுக்கென்றே பி.எஸ்ஸி. பட்டம் இருக்கிறது. மாணவர்கள் ஊர்களுக்குள் போய், ஜனங்களோடு உட்கார்ந்து வேலை செய்தால்தான் பட்டம் முடியும். மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிற ஜம்பம் அங்கே பலிக்காது. அதே மிகிந்தலை மலையடிவாரத்தில் 9-ஆம் நூற்றாண்டு ஆஸ்பத்திரி ஒன்றின் இடிபாடுகளும், நோயாளியைப் படுக்கவைத்த கல் தொட்டியும் இருக்கின்றன. நோய் வந்த பிறகு படுக்கவைக்கிற தொட்டிக்குப் பக்கத்திலேயே, நோய் வராமல் தடுக்கிற படிப்பு!

கணக்கு என்ன ஆச்சு?

வரவு, செலவு போட்டுப் பார்த்தேன். ஒரு சிக்கல். இருதய ஆபரேஷன் செய்தால் பில் இருக்கிறது. ஊசி போட்டால் ரசீது இருக்கிறது. வராமல் போன நோய்க்கு வவுச்சர் ஏது? பாம்பன் மீனவருக்குக் கால் புண்ணாகாமல் தப்பித்தால், அதை எந்தப் பேரேட்டில் எழுதுவது? பி.காம். மூன்று வருடத்தில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பில் இல்லாத வேலைக்கு மதிப்பு இல்லை. மதிப்பு இல்லாத வேலைக்குப் போஸ்டிங்கும் குறைச்சல். அந்தப் பலசரக்குக் கடைக்காரரின் பயம் நியாயமானதுதான். டாக்டருக்கு இருக்கிற மாதிரி வாசலில் போர்டு மாட்டிக்கொள்கிற படிப்பு இல்லை இது. தொண்டு நிறுவனம், அரசுத் திட்டம், ஆராய்ச்சி என்று தேடித்தான் போக வேண்டும்.

ஆனால் இதை மாற்றுவது அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. 2022 ஜனவரியில் ராமநாதபுரத்துக்கும் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. கட்டில், ஸ்கேன், ஆபரேஷன் தியேட்டர் எல்லாம் வேண்டியதுதான். கூடவே ஒவ்வொரு வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இந்தப் படிப்பு படித்தவர் ஒருவருக்கு ஒரு வேலை உருவாக்கிப் பாருங்கள். கரையோரத்துப் பிள்ளைகள் கரையோரத்துப் பாஷையிலேயே பேசுவார்கள். ஒரு டயாலிசிஸ் மெஷின் விலையோடு அந்தச் சம்பளத்தை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்; கணக்கு ஆடிட்டருக்கே புரியும்.

அதுவரை பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பெண்ணோ பையனோ இதைப் படிக்க ஆசைப்பட்டால் 'சம்பளம் எவ்வளவு?' என்று கேளுங்கள், தப்பே இல்லை. கூடவே இன்னொன்றும் கேளுங்கள். 'நாலு பேர் பேசுறதைக் குறுக்கே பேசாம அரை மணி நேரம் கேப்பியா?' 'கேப்பேன்' என்றால் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். அந்தத் தகுதி இருக்கிறவர்கள் நாட்டில் ரொம்பக் குறைவு.

'கேக்க மாட்டேன், நான்தான் பேசுவேன்' என்றால் கவலை வேண்டாம். அதற்கும் அரசியல் என்று ஒரு துறை இருக்கிறது!