பழைய வேட்டைத் துப்பாக்கிகளின் உடைமை வரலாறு: பொறிப்பும் பேரேடும் கைமாற்றச் சான்றும்

ஆய்வுச் சுருக்கம்

தனியொருவருக்கெனச் செய்விக்கப்பட்ட பழைய வேட்டைத் துப்பாக்கியின் மதிப்பு அதன் வேலைப்பாட்டை மட்டும் சார்ந்ததன்று. அதன் உடைமை வரலாறு எவ்வளவு உறுதியாக நிறுவப்படுகிறது என்பதையும் சார்ந்தது. பொருளின் மீதுள்ள பொறிப்பு, செய்தவரின் பேரேடு, கைமாறியதற்கான சான்று ஆகிய மூன்றையும் ஒப்புநோக்க வேண்டியதன் தேவையைத் திப்பு சுல்தான், ஜிம் கார்பெட் ஆகியோரின் துப்பாக்கிகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

முதன்மைச் சொற்கள்: உடைமை வரலாறு, வேட்டைத் துப்பாக்கி, மவுலூதி ஆண்டு, பேரேடு, தொல்பொருள் சட்டம்.

முன்னுரை

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடு 7 ஏடுகளைக் கொண்டது. அவ்வூர்ச் சிவன்கோயிலுக்கு அளிக்கப்பட்ட கொடையையும், மண்டபத்தில் பாரதம் வாசிப்பவர்க்குரிய பங்கையும் அது குறிக்கிறது. அக்கோயிலின் எச்சம் கூரத்திலேயே நிற்பதால், ஏடும் கட்டடமும் ஒன்றற்கொன்று சான்றாகின்றன. இடம்பெயரும் பொருள்களுக்கு இவ்வாய்ப்பு அரிது. நாடுவிட்டு நாடு சென்று பலர் கைமாறிய வேட்டைத் துப்பாக்கிக்கு, அதனுடன் வரும் ஆவணமே ஊரும் பெயரும் தருகிறது. ஆகவே, அவ்வாவணத்தைச் சோதிக்கும் முறை சேகரிப்பாளர்க்கும் அருங்காட்சியகங்களுக்கும் ஒருங்கே இன்றியமையாதது.

பொறிப்பு தரும் சான்று

காஞ்சிபுரம் வட்டாரத்துப் புள்ளலூரில் 1780-இல் ஆங்கிலப் படையை முறியடித்த ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் மைசூர் அரசு, துப்பாக்கித் தொழிலிலும் சிறந்து விளங்கியது. திப்புவின் தனி ஆயுதசாலைக்கெனச் சீரங்கப்பட்டணத்தில் செய்யப்பட்ட சக்கிமுக்கித் துப்பாக்கிகளில் புலிவரி அணி, செய்தவர் பெயர், செய்த இடம், ஆண்டு ஆகியவை காணப்படுகின்றன.

இவற்றுள் ஆண்டைப் படிப்பதில் கவனம் தேவை. திப்பு பயன்படுத்திய மவுலூதி ஆண்டு நபிகளின் பிறப்பிலிருந்து கணக்கிடப்படுவது. அதன் எண்கள் வலமிருந்து இடமாக எழுதப்பட்டன. மவுலூதி 1222 என்பது ஏறத்தாழ கி.பி. 1793-94 ஆகும். அதனையே இசுலாமிய ஹிஜ்ரி ஆண்டாகக் கொண்டால் கி.பி. 1807 என வரும். திப்பு 1799 மே 4 அன்று போரில் இறந்தவராதலின், மெய்யான துப்பாக்கியும் போலியெனத் தள்ளப்படும். பொறிப்பு இருந்தால் மட்டும் போதாது, அதனைப் படிக்கும் முறையும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு இது தெளிவான சான்று.

பேரேடு தரும் சான்று

19-ஆம் நூற்றாண்டில் பர்டி, ஹாலந்து அண்டு ஹாலந்து, ரிக்பி முதலிய இலண்டன் நிறுவனங்கள் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் வரிசை எண் இட்டு, குழலின் அளவையும் வாங்கியவர் பெயரையும் பேரேட்டில் பதிந்தன. இந்திய மன்னர்களும் சமீன்தார்களும் தத்தம் விருப்பப்படி துப்பாக்கிகளைச் செய்வித்து வாங்கினர். கல்கத்தாவின் மான்டன், சென்னையின் பி. ஆர் அண்டு சன்ஸ் போன்ற விற்பனையாளரின் பெயரும் சில துப்பாக்கிகளில் பொறிக்கப்பட்டது. எனவே, குழலில் 'மதராஸ்' என்றிருப்பது விற்ற ஊரைக் குறிக்கலாம். அதனைச் செய்த ஊராகக் கொள்வது பிழையாகலாம்.

கார்பெட்டின் ரிக்பி ரைபிள் இதனை மேலும் விளக்கும். சம்பாவத்து ஆட்கொல்லிப் பெண்புலியை 1907-இல் சுட்டதற்காக ஐக்கிய மாகாணத் துணைநிலை ஆளுநர் ஹியூவெட் அதனைப் பரிசளித்தார் என்பதை அதன் கட்டையில் பதித்த வெள்ளித் தகடு கூறுகிறது. அது 1905-இல் மான்டன் நிறுவனத்துக்கு விற்கப்பட்டதை ரிக்பியின் பேரேடு காட்டுகிறது. ஆக, அது கார்பெட்டுக்கெனச் செய்யப்பட்டதன்று; கடைச் சரக்காக வந்து பரிசாகியது. தகட்டை மட்டும் கண்டவர் தனியே செய்வித்த பொருளெனக் கருதுவர். பேரேட்டை மட்டும் கண்டவர் கார்பெட்டின் பெயரையே அறியார்.

கைமாற்றச் சான்றும் அறமும்

2015-இல் இலண்டனில் போன்ஹாம்ஸ் நடத்திய ஏலத்தில் திப்புவின் வேட்டைத் துப்பாக்கி ஒன்று 7,22,500 பவுண்டுக்கு விற்பனையாயிற்று. சீரங்கப்பட்டண வீழ்ச்சிக்குப்பின் அரண்மனைப் பொருள்கள் வென்ற படையினரிடையே பங்கிடப்பட்டன. 2019-இல் இங்கிலாந்தில் ஏலத்துக்கு வந்த திப்புவின் ஆயுதங்கள், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஒருவர் கொண்டுசென்று அவர் குடும்பத்தில் வழிவழியாக இருந்தவை. இத்தகைய பொருளின் மெய்ம்மையை நிறுவும் சங்கிலியே அது கொள்ளைப்பொருள் என்பதற்கும் சான்றாகிறது. விலையை உயர்த்தும் ஆவணம் மீட்புக் கோரிக்கைக்கும் அடிப்படையாதல் இங்கு நோக்கத்தக்கது.

சட்டமும் ஆவண இழப்பும்

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த கலை, கைவினை, வரலாற்றுப் பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்ய இயலாது. 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், தொன்மை மதிப்புடையதும் சுடுகருவியாகப் பயன்படாததுமான ஆயுதத்துக்கு விலக்களிக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் பொதுவாக ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. மிகுதியானவற்றை ஒப்படைக்க வேண்டும். அவ்வாறு ஒப்படைக்கும்போது, பழைய குடும்பத் துப்பாக்கி ஒன்று அதன் பெட்டி, விலைச்சீட்டு, உரிமப் புத்தகம் ஆகியவற்றினின்று பிரியக்கூடும். பிரிந்தபின் எஞ்சுவது வெறும் இரும்பும் மரமுமே.

முடிவுரை

பொறிப்பு, பேரேடு, கைமாற்றச் சான்று ஆகிய மூன்றனுள் ஒன்று மட்டும் உடைமை வரலாற்றை நிறுவாது; ஒன்று மற்றொன்றைத் திருத்தவும் நிரப்பவும் வேண்டும். இலண்டன் பேரேடுகள் துப்பாக்கி புறப்பட்ட வரலாற்றையே கூறும். அது வந்துசேர்ந்தபின் நிகழ்ந்தவை இந்நாட்டுக் குடும்பத் தாள்களிலும் உரிமப் பதிவுகளிலுமே உள்ளன. ஆகவே, ஒப்படைப்புக்கு முன் வரிசை எண், பொறிப்பு, உரிமத்தாள் ஆகியவற்றைப் படமெடுத்து ஒரே தொகுப்பாகப் பதிந்து வைத்தல், தமிழகச் சமீன்களின் பொருட்பண்பாட்டை ஆராய்வோர்க்கு உடனடியாகத் தேவைப்படும் பணியாகும்.