பட்டாளத்துத் தாத்தாவிடமும் சிலோன் பாட்டியிடமும் கேளுங்கள்

நம் சேரிகள் பலவற்றில் ‘மிலிட்டரிக்காரர் வீடு’ என்று ஒரு வீடு இருக்கும். சில ஊர்களில் ‘சிலோன்காரர் வீடு’ என்றும் இருக்கும். அந்த வீட்டு டிரங்குப் பெட்டியில் பட்டாளத்து டிஸ்சார்ஜ் புத்தகமோ, தாயகம் திரும்பியபோது கொடுத்த பழைய பாஸ்போர்ட்டோ கிடக்கும். அதில் எண் உண்டு, தேதி உண்டு. பட்ட பாடு இல்லை.

வெள்ளையர் காலத்துச் சென்னைப் படையில் பறையர்கள் பெருமளவில் இருந்தார்கள். சாலையும் பாலமும் அமைத்த மெட்ராஸ் சாப்பர்ஸ் படையிலும் உழைத்தார்கள். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘போர்க்குடி’ என்றொரு கொள்கையைச் சொல்லித் தென்னாட்டார் சேர்க்கையைக் குறைத்தார்கள். உலகப் போர்களில் ஆள் தேவைப்பட்டபோது கதவு மறுபடி திறந்தது. மகாராஷ்டிரத்து மகர்களுக்கும் இதே நிலைதான். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி, சுபேதாராக இருந்தவர். ஆனாலும் மகர் ரெஜிமென்ட் 1941-ல்தான் அமைந்தது.

இன்னொரு கூட்டம் கடல் கடந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள். 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். அந்த மக்களைக் கேட்டு எழுதிய ஒப்பந்தம் அல்ல அது.

இவை ஏட்டில் உள்ளன. ஏட்டில் இல்லாததைப் பெரியவர்கள்தான் சொல்ல முடியும். பட்டாளத்தில் எல்லோரோடும் ஒரே பந்தியில் சாப்பிட்டவர், லீவில் வந்தபோது ஊர்த் தெருவில் பூட்ஸோடு நடக்க முடிந்ததா? டீக்கடையில் எந்த கிளாஸில் டீ கொடுத்தார்கள்? லயத்துக் காம்பிராவில் எத்தனை பேர் படுத்தார்கள்? காலையில் பெரட்டுக்குப் பிந்தினால் கங்காணி என்ன செய்தார்? கப்பலேறியபோது யாரை விட்டுவிட்டு வந்தார்கள்?

மாணவர்களே, இதற்குப் பெரிய கருவி வேண்டாம். கையில் இருக்கும் செல்போன் போதும். பதிவு செய்யலாமா என்று முதலில் கேளுங்கள். பெயர், ஊர், தேதியைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பழைய போட்டோவையோ மெடலையோ கையில் கொடுத்தால் பேச்சு தானாக வரும். குறுக்கே பேசாதீர்கள். ஆண்டு தவறினால் அங்கேயே திருத்தாதீர்கள்; பிறகு காகிதத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். அழுதால் நிறுத்திவிடுங்கள். வெளியில் சொல்ல வேண்டாம் என்றதை வெளியில் சொல்லாதீர்கள். பதிவை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்தி, ஒரு பிரதியை அந்தக் குடும்பத்திடமே கொடுங்கள்.

பாட்டிகளை விட்டுவிடாதீர்கள். கொழுந்து பறித்தவர்கள் அவர்கள்தான். புருஷன் எல்லையில் இருந்தபோது மணியார்டரை எதிர்பார்த்துக் குடும்பம் நடத்தியவர்களும் அவர்கள்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் போனவர்களில் இன்று அநேகமாக யாரும் இல்லை. 1971 போரில் 20 வயதில் நின்றவர் 70-ஐத் தாண்டிவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தத் திண்ணையில் போய் உட்காருங்கள்.