கேட்காமல் ஏறும் வரம்பு

‘வாழ்த்துகள், உங்கள் கிரெடிட் கார்டு வரம்பு 80,000 ரூபாயிலிருந்து 2 லட்சமாக உயர்கிறது’ என்று வரும் குறுஞ்செய்தி, கடன் விற்பனைக்கான விளம்பரம்தான். அமெரிக்காவில் டேவிட் கிராஸ், நிக்கோலஸ் சொலலெஸ் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வரம்பு ஒரு டாலர் கூடினால் கடன் சராசரியாக 10 முதல் 14 சென்ட் கூடுகிறது. பழைய வரம்பை எட்டாதவர்களும் கூடுதலாகக் கடன்பட்டார்கள். நம்மூரில் பல கார்டுகளுக்கு மாத வட்டி மூன்றரை சதவீதத்தை ஒட்டி, அதாவது ஆண்டுக்குச் சுமார் 42 சதவீதம். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டே போகிறவர் கதி என்னவாகும்?

வரம்பு கூடினால் சிபில் மதிப்பெண் ஏறலாம், திடீர் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கைகொடுக்கும் என்பார்கள். சரிதான், ஆனால் கேட்டு வாங்கினாலும் அதே பலன்தானே? வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதமின்றி வரம்பை உயர்த்தக் கூடாது என்கின்றன ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள். ஆனால் அவசரத்தில் செயலியைத் திறப்பவர் ‘ஏற்கிறேன்’ பொத்தானைத் தட்டினால் அதுவும் சம்மதமாகிவிடும். ஆஸ்திரேலியா 2018 ஜூலை முதல், கேட்காதவர்களுக்கு வரம்பை உயர்த்தும் அழைப்பு அனுப்புவதையே தடுத்துவிட்டது. இங்கும் அது வேண்டும். அதுவரை, சம்மதமின்றி ஏற்றியிருந்தால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.