ரத்தப் புற்றுநோய்க்கு கார்-டி செல் சிகிச்சை: பலன் என்ன? பக்கவிளைவுகள் எவை?

மும்பை: கீமோதெரபிக்குப் பின்னரும் மீண்டும் தலைதூக்கும் சில வகை ரத்தப் புற்றுநோய்களுக்கு, நோயாளியின் சொந்த நோய் எதிர்ப்பு செல்களையே மருந்தாக்கும் கார்-டி செல் சிகிச்சை இந்தியாவிலேயே அளிக்கப்படுகிறது. எனினும், செல்களைச் செலுத்திய பிந்தைய சில வாரங்களே இச்சிகிச்சையில் மிகுந்த கவனம் தேவைப்படும் காலமாகும்.

ஐஐடி பம்பாய், டாடா நினைவு மையம், இம்யூனோஆக்ட் நிறுவனம் ஆகியவை இணைந்து உருவாக்கிய 'நெக்ஸ்கார்19' சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு 2024 ஏப்ரல் 4-ஆம் தேதி இதனைத் தொடங்கி வைத்தார்.

யாருக்கு இந்தச் சிகிச்சை?

ரத்தப் புற்றுநோய் பலவற்றுக்கு முதல் சிகிச்சை இன்றும் கீமோதெரபியே. தேவைப்படுவோருக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்யப்படுகிறது. இவற்றுக்குக் கட்டுப்படாத அல்லது மீண்டும் வந்த பி செல் லுகேமியா, லிம்போமா நோயாளிகளுக்கே நெக்ஸ்கார்19 அளிக்கப்படுகிறது.

எவ்வாறு செயல்படுகிறது?

நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்கள் பிரித்தெடுக்கப்படுகின்றன. புற்றுநோய் செல்களின் மேல் உள்ள 'சிடி19' புரதத்தை அடையாளம் காணும் வகையில் ஆய்வகத்தில் அவற்றின் மரபணு மாற்றப்படுகிறது. பின்னர் அவை பெருக்கப்பட்டு, நரம்பு வழியாக மீண்டும் செலுத்தப்படுகின்றன. பரிசோதனைகளில் சுமார் 73 சதவீத நோயாளிகளிடம் பலன் காணப்பட்டது.

பக்கவிளைவுகள்

புற்றுநோயைத் தாக்கும்போது டி செல்கள் சைட்டோகைன் எனும் வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. இவை அளவு மீறினால் காய்ச்சல், ரத்த அழுத்தக் குறைவு, மூச்சுத்திணறல் ஏற்படலாம். சிலருக்குக் குழப்பம், பேச்சுத் தடுமாற்றம், வலிப்பும் வரக்கூடும். டோசிலிசுமாப், ஸ்டீராய்டு மருந்துகளால் இவற்றைப் பெரும்பாலும் கட்டுப்படுத்த முடியும்.

ரத்த அணுக்களின் எண்ணிக்கை குறைவதால் தொற்று அபாயமும் அதிகம். ஆரோக்கியமான பி செல்களும் அழிவதால் இந்த அபாயம் பல மாதங்கள் நீடிக்கலாம். எனவே, முதல் சில வாரங்களில் காய்ச்சல் வந்தால் வீட்டிலேயே மாத்திரை எடுத்துக் காத்திருக்காமல், உடனடியாகச் சிகிச்சை பெற்ற மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அக்காலத்தில் மருத்துவமனைக்கு அருகிலேயே தங்குவதும் அவசியம்.

செலவு

வெளிநாடுகளில் கோடிக்கணக்கில் செலவாகும் இச்சிகிச்சை இந்தியாவில் பல லட்சம் ரூபாயில் கிடைக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவு, ரத்தம் ஏற்றுதல், தொற்றுக்கான மருந்துகள் ஆகியவற்றுக்குத் தனியாகச் செலவாகலாம் என்பதால், முழுத் தொகையையும் காப்பீட்டு வரம்பையும் குடும்பத்தினர் முன்கூட்டியே கேட்டறிவது நல்லது.