ஒயர் செருக முடியாத சுவிட்ச்

ஒரே சர்வரில் இருபது விர்ச்சுவல் மெஷின் ஓடுகிறது என்கிறார்களே, பின்பக்கம் பார்த்தால் இரண்டே லேன் ஒயர்தானே இருக்கிறது, இருபதும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று கும்பகோணத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இருபதுக்கும் தனித்தனி ஒயர் உண்டு, அவை வந்து சேர ஒரு சுவிட்சும் உண்டு. ஆனால் எல்லாமே அந்தப் பெட்டிக்குள் ஓடும் மென்பொருள். ஒவ்வொரு விர்ச்சுவல் மெஷினுக்கும் ஒரு லேன் கார்டு இருப்பதாகப் பாவனை செய்து, அதற்கொரு மேக் முகவரியும் தருகிறார்கள். விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருள்களில் விஎம்வேர் தருவது பெரும்பாலும் 00:50:56 என்றும், கேவிஎம் தருவது பொதுவாக 52:54:00 என்றும் தொடங்கும். அந்தக் கார்டு விர்ச்சுவல் சுவிட்சின் ஒரு போர்ட்டில் சேர்கிறது. நிஜமான லேன் கார்டுகளும் அதே சுவிட்சில்தான் சேர்கின்றன. அவற்றுக்கு அப்லிங்க் என்று பெயர், வெளியே போக வேறு வாசல் கிடையாது. இத்தனையையும் சுமக்கும் ஹோஸ்ட், தன்னை நிர்வகிப்பவர் உள்ளே வருவதற்காகத் தனக்கும் ஒரு போர்ட் எடுத்துக்கொள்கிறது.

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்காகப் பிரியும் தண்ணீரில், ஒன்றில் விட்டது இன்னொன்றின் வழியாகக் கல்லணைக்கே திரும்பி வராது. விஎம்வேரின் சாதாரண விர்ச்சுவல் சுவிட்சும் அப்படித்தான்: ஒரு அப்லிங்க் வழியாக வந்த பாக்கெட்டை மற்றொரு அப்லிங்க் வழியாக வெளியே விடாது. நிஜ சுவிட்சுகளைத் தாறுமாறாக இணைத்தால் பாக்கெட் சுற்றிச் சுற்றி வந்து நெட்வொர்க்கையே முடக்கிவிடும். அதைத் தடுக்க 1985-இல் ராடியா பெர்ல்மன் உருவாக்கிய ஸ்பேனிங் ட்ரீ என்ற முறை இந்தச் சுவிட்சுக்குத் தேவைப்படுவதில்லை. உவமை இந்த இடத்தோடு நிற்கிறது. தண்ணீர் சரிவைப் பார்த்து ஓடும். பாக்கெட் முகவரியைப் பார்த்துப் போகும். முகவரி விஷயத்தில்தான் இந்தக் கண்ணுக்குத் தெரியாத சுவிட்ச் நிஜ சுவிட்சை மிஞ்சுகிறது.

மேசைமேல் இருக்கும் நிஜ சுவிட்சுக்கு எந்த போர்ட்டில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் தெரியாது. வரும் பாக்கெட்டில் அனுப்பியவரின் மேக் முகவரியைப் பார்த்துப் பார்த்துத்தான் குறித்துக்கொள்கிறது. விஎம்வேரின் விர்ச்சுவல் சுவிட்சுக்கு இந்த ஊகம் வேண்டாம். கார்டை உருவாக்கி மாட்டியதே அதன் வீட்டார்தானே. சிக்கல் வருவது, ஓடிக்கொண்டிருக்கும் விர்ச்சுவல் மெஷினை நிறுத்தாமலேயே வேறொரு ஹோஸ்டுக்கு மாற்றும்போது. உள்ளே இருப்பவர்களுக்கு மாற்றம் தெரியும். வெளியே உள்ள நிஜ சுவிட்சோ பழைய போர்ட்டுக்கே பாக்கெட்டை அனுப்பிக்கொண்டிருக்கும். அதனால் புதிய ஹோஸ்ட், குடிவந்த மெஷினின் முகவரியைப் போட்டு, அதன் பெயரால் ஒரு குரல் கொடுக்கிறது. அந்தக் குரலின் வடிவம்தான் வேடிக்கை: ஆர்ஏஆர்பி. டிஸ்க் இல்லாத கம்ப்யூட்டர்கள் ‘என் ஐபி முகவரி என்ன?’ என்று கேட்பதற்காக 1984-இல் வகுத்த நெறி அது. அந்த வேலையை டிஹெச்சிபி எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. இப்போது அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்வதில்லை, கேட்பவரும் பதிலை எதிர்பார்ப்பதில்லை. கேட்டவரின் முகவரி எந்த போர்ட்டில் தலைகாட்டியது என்பதை மட்டும் நிஜ சுவிட்ச் பார்த்துத் தன் குறிப்பைத் திருத்திக்கொள்கிறது. விஎம்வேரும் செய்வது இதையே, கேவிஎம்முக்குத் துணைநிற்கும் க்யூஈஎம்யூவும் செய்வது இதையே. ஓய்வுபெற்ற நெறி ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான மறுவேலை கிடைத்திருக்காது.

யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஊகமில்லாமல் தெரிந்த சுவிட்சைவிட நல்ல காவல் வேறில்லை. ஆனாலும் பல அலுவலகங்களில் கேட்பாரற்றுக் கிடப்பது இதுதான். நெட்வொர்க் பார்ப்பவர் ‘அது சர்வர்காரர் பொறுப்பு’ என்கிறார். சர்வர் பார்ப்பவர் நெட்வொர்க்காரர் பக்கம் கையைக் காட்டுகிறார். விளைவு, நிறுவும்போது தானாக வந்த ஒரே போர்ட் குரூப்பில், அதாவது சுவிட்சின் ஒரே போர்ட் தொகுதியில், கணக்கு, கேமரா பதிவு, பொதுமக்கள் பார்க்கும் இணையதளம் எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. வாசலில் ஃபயர்வால் இருக்கிறதே என்பார்கள். ஒரே ஹோஸ்டில், ஒரே போர்ட் குரூப்பில் உள்ள இரண்டு மெஷின்கள் பேசுவது வாசலுக்கு வருவதே இல்லை; உள்ளேயே முடிந்துவிடுகிறது. இணையதளத்துக்குள் நுழைந்த திருடன் கணக்கு மெஷினைத் தட்டினால் ஃபயர்வாலுக்குத் தகவலே போகாது. ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிக்கும் வீலேன்களில் வைத்து, அவற்றுக்கு இடையே ஃபயர்வாலை நிறுத்தினால், பேச்சு வெளியே போய் ஃபயர்வாலைக் கடந்துதான் திரும்ப முடியும். 4094 வீலேன்வரை எண் இருக்கிறது. சிறிய அலுவலகத்துக்கு நான்கைந்து போதும்.

மென்பொருள் சுவிட்ச் சிபியுவைத் தின்னும் என்ற ஆட்சேபம் ஓரளவு உண்மை. அதற்காகச் சுவிட்சையே தாண்டி நிஜக் கார்டை நேராக மெஷினுக்குக் கொடுக்கும் வழியும் இருக்கிறது. வேகம் கிடைக்கும், ஓடும்போதே ஹோஸ்ட் மாற்றும் வசதி சிரமமாகும், சுவிட்சின் காவலும் போகும். சில அலுவலகங்களுக்கு அந்த வேகம் தேவை. பெரும்பாலானவற்றுக்குத் தேவையில்லை.

இதெல்லாம் சென்னைப் பெரிய கம்பெனிகள் கவலை, நமக்கு ஆளும் இல்லை பணமும் இல்லை என்பது அடுத்த ஆட்சேபம். தஞ்சாவூரில் 2024-இல் மினி டைடல் பார்க் வந்தாயிற்று. கொள்முதல் நிலையத்தில் நெல் போட விவசாயி ஆன்லைனில் பதிய வேண்டியிருக்கிறது. இனி டெல்டாவில் எந்த அலுவலகம் இந்தக் கவலைக்கு வெளியே நிற்க முடியும்? பணமும் பெரிதாக வேண்டாம். ஓப்பன் விசுவிட்ச் என்ற விர்ச்சுவல் சுவிட்ச் இலவசம்; 2012-இல் வந்த 3.3 பதிப்பிலிருந்து லினக்ஸ் கெர்னலிலேயே அதன் பகுதி சேர்ந்துவிட்டது. விஎம்வேர் வைத்திருப்பவர்கள் பார்க்க வேண்டியவை மூன்றே அமைப்புகள்: ஒரு மெஷின் அடுத்தவர் பாக்கெட்டை ஒட்டுக்கேட்கலாமா, தன் மேக் முகவரியை மாற்றிக்கொள்ளலாமா, பிறர் முகவரியில் அனுப்பலாமா. பழைய பதிப்புகளின் சாதாரண சுவிட்சில் பின்னிரண்டுக்கும் தொடக்கத்திலேயே அனுமதி இருந்தது. அந்தக் காலத்தில் நிறுவி, பிறகு யாரும் திறந்து பார்க்காத சர்வர்களில் அந்த அனுமதி இன்றும் அப்படியே இருக்கும்.