முள் பூஜ்யத்தில் நிற்கும்போது

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அலைகள் கொழித்து ஒதுக்கும் கரிய மணலில், இல்மனைட், கார்னெட் முதலான தாதுக்களோடு, தோரியம் அடங்கிய மோனசைட்டும் கலந்து கிடக்கிறது. அதிலிருந்து ஓயாது புறப்பட்டுக்கொண்டிருக்கும் கதிர்களை நம் ஐம்புலன்களில் ஒன்றேனும் அறிவதில்லை. ஆனால் கைகர் கவுண்டர் ஒன்றை அம்மணலருகே கொண்டுபோனால், அதுவரை ஆற அமர 'டிக், டிக்' என்றிருந்த அந்தச் சிறு பெட்டி படபடவென்று பொரியத் தொடங்கிவிடும்.

அப்பெட்டியின் ஜீவன் ஓர் உலோகக் குழாயில் இருக்கிறது. 1908இல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டுடன் சேர்ந்து ஆல்பா துகள்களை எண்ணுவதற்கு ஹான்ஸ் கைகர் அமைத்த சாதனத்தை, 1928இல் கீல் நகரில் அவரும் அவருடைய மாணவர் வால்தர் முல்லரும் சீர்ப்படுத்தி இன்றைய குழாயாக ஆக்கினார்கள். ஆர்கான் அல்லது நியான் வாயுவைக் குறைந்த அழுத்தத்தில் அடைத்து, நடுவே மெல்லிய கம்பியொன்றை ஓடவிட்டு, சாதாரண பாட்டரியின் சில வோல்ட்டைப் பல நூறு வோல்ட்டாக உயர்த்தி அக்கம்பிக்கு ஊட்டினால் கருவி ஆயத்தமாகிவிடுகிறது. குழாயின் சுவரில் மோதும் காமா கதிர் அங்கிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பெயர்க்க, அது வாயு அணுக்களை உடைக்க, அவற்றிலிருந்து சிதறிய எலெக்ட்ரான்கள் கம்பியை நோக்கி விரைகையில் மேலும் மேலும் அணுக்களை உடைத்துப் பெருக, க்ஷணப்பொழுதில் கம்பி நெடுகிலும் மின்பிரவாகம் எழுகிறது. 'டிக்' என்று நாம் கேட்பது அதைத்தான்.

வந்த கதிர் வலியதாயினும் மெலியதாயினும் அப்பிரவாகத்தின் அளவு ஒன்றே; சத்திரத்து வாயிலில் தலைகளை எண்ணும் கணக்கப்பிள்ளை, வந்தவர் ஜமீன்தாரா பரதேசியா என்று குறித்துக்கொள்ளாததைப் போல. ஆகவே கருவியின் முகத்தில் காணும் மைக்ரோசீவர்ட் கணக்கு, பெரும்பாலும் சீசியம்-137ஐ வைத்துத் தரப்படுத்தி எழுதப்பட்ட ஓர் அனுமானமே. காமா கதிர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றே அதில் சிக்குகிறது. ஆல்பா துகளோ காகிதத்தையும் ஊடுருவாதது, ஆதலால் மெல்லிய அப்பிரகச் சாளரம் இல்லாத குழாய்க்கு அது இருப்பதே தெரியாது. முள் நிலைகொள்ளாமல் ஆடுவதைக் கண்டு கருவி பழுதென்று சொல்பவர்கள் உண்டு. அணுக்கள் ஒழுங்கான இடைவெளி விட்டுச் சிதைவதில்லையாதலால், ஆடாத முள்ளைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஒருமுறை எழுந்த பிரவாகம் மறுபடி மூண்டுவிடாமலிருக்கக் குளோரினோ புரோமினோ சிறிதளவு கலந்திருப்பார்கள். எனினும் குழாய் தன்னிலைக்கு மீள வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போலக் காலம் பிடிக்கும், அதற்குள் வரும் கதிர் கணக்கில் சேராது. மணற்பரப்பில் இது ஒரு பொருட்டல்ல. மிகக் கடுமையான கதிர்வீச்சிலோ குழாய் மீள அவகாசமின்றித் திகைத்துப்போய், பழைய மாதிரிக் கருவிகளில் முள் உச்சத்துக்கு ஏறிப் பிறகு பூஜ்யத்துக்கே இறங்கிவிடுவதுண்டு. கருவியின் எல்லையை மறப்பதால் வரும் மற்றொரு விபரீதம் 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபிலில் அணு உலை வெடித்தபோது நிகழ்ந்தது. கைக்கு அகப்பட்ட கருவிகள் வினாடிக்கு 1000 மைக்ரோரான்ட்ஜன், அதாவது மணிக்கு 3.6 ரான்ட்ஜன் வரையே காட்டவல்லவை. முள் அங்கே முட்டி நிற்க, அதையே உண்மை அளவாகக் கொண்டு மேலிடத்துக்கு அறிவித்தார்கள். உடைந்த உலையருகே இருந்ததோ மணிக்கு ஆயிரக்கணக்கான ரான்ட்ஜன்.

அத்தகைய இடங்களுக்கென்றே அயனி அறை என்ற வேறு வகைக் கருவி உண்டு. அது எலெக்ட்ரான்களைப் பெருக்காமல், எண்ணாமல், கதிர் எழுப்பும் மின்னோட்டத்தை மட்டும் அளப்பதால் எளிதில் திகைப்பதில்லை. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க சிவில் பாதுகாப்புத் துறையினர் வழங்கிய மஞ்சள் பெட்டிகளில், கைகர் குழாய் கொண்ட வி-700 மணிக்கு 50 மில்லிரான்ட்ஜன் வரையும், அயனி அறை கொண்ட வி-715 மணிக்கு 500 ரான்ட்ஜன் வரையும் காட்டும். பின்னதை ஏந்தி மணவாளக்குறிச்சிக் கரை முழுவதும் நடந்தாலும் முள் அசையாது. வி-700இன் பக்கவாட்டில் கதிரியக்கப் பொருளின் சிறு பொட்டு ஒன்று பதித்திருப்பார்கள். பழகியவர்கள் பாட்டரியைச் சோதித்து, குழாயை அப்பொட்டின்மேல் வைத்து முள் எழுகிறதா என்று பார்த்த பிறகே கிளம்புவார்கள். சந்தேகத்துக்குரிய இடத்தைத் தொலைவிலிருந்தே கருவியை இயக்கிக்கொண்டு, உயர்ந்த அளவுகோலில் தொடங்கி அணுகுவார்கள். ஏறிய முள் சட்டென்று விழுந்தால், காரணம் ஆராயாமல் வந்த வழியே திரும்பிவிடுவார்கள்.