நீதிபோதனை பீரியடை யார் எடுத்துக்கொண்டது?

உங்கள் பள்ளிக்கூட டைம் டேபிளில் 'நீதிபோதனை' என்று ஒரு பீரியட் இருந்ததா? நாற்பது வயதைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் 'இருந்தது' என்பார்கள். அதில் என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். 'கணக்கு டீச்சர் வந்து போர்ஷன் முடிப்பாங்க' என்று பாதிப் பேர் சொல்வார்கள். மீதிப் பேருக்கு அது வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருந்த முக்கால் மணி நேரம். பி.டி. பீரியடுக்கும் இதே கதிதான். வாழ்க்கைக்கு வேண்டியது என்று பள்ளிக்கூடம் ஒதுக்கிய இரண்டு பீரியடையும் பரீட்சை விழுங்கிவிடும்.

இது பெண்பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் கொஞ்சம் கூடுதலாகவே வலிக்கிற விஷயம். ஏன் என்று சொல்வதற்கு ஒரு நகரின் பெயரிலிருந்து தொடங்குகிறேன்.

வடசென்னைப் பக்கம் போகிறவர்கள் எம்.கே.பி. நகர் என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். அது மகாகவி பாரதி நகர். முழுப் பெயரைச் சொல்லி ஆட்டோ கேட்டால் டிரைவர் ஒரு கணம் யோசிப்பார், எம்.கே.பி. என்றால் உடனே வண்டியைக் கிளப்புவார். வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகள், அதை ஒட்டி வியாசர்பாடி, அந்தப் பக்கம் கொடுங்கையூர். ஒரு காலத்தில் பின்னி மில் சங்கு ஊதினால் எழுந்து வேலைக்குப் போன குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை இப்போது இங்கே பள்ளிக்கூடம் போகிறது. பக்கத்திலேயே முல்லை நகர் மைதானம். கால்பந்துக்காக வியாசர்பாடியைக் 'குட்டி பிரேசில்' என்கிறார்களே, அந்தப் பெருமையில் இந்த மைதானத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இப்போது பெண்பிள்ளைகளும் அங்கே ஆடுகிறார்கள்.

காலை எட்டரை மணிக்கு இந்தப் பக்கத்துத் தெரு ஒன்றில் நின்று பாருங்கள். இரட்டைப் பின்னல், ரிப்பன், தோளில் பை, ஒரு கையில் தம்பி என்று ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வருவாள். தம்பியை அவன் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் அவள் தன் பள்ளிக்குப் போக வேண்டும். அதற்கு முன்பே அடிபம்பில் நாலு குடம் அடித்திருப்பாள். அம்மா வீட்டு வேலைக்கோ கம்பெனி ஷிஃப்ட்டுக்கோ கிளம்பிப் போயிருப்பார். இந்தப் பெண்ணைப் பெஞ்சில் உட்கார வைத்து 'பொறுமையாக இரு, விட்டுக்கொடு, பெரியவர்கள் சொன்னதைக் கேள்' என்று நீதிபோதனை செய்தால் அவளுக்குச் சிரிப்புதான் வரும். இதிலெல்லாம் அவள் ஏற்கெனவே டிகிரி வாங்கியவள்.

அவளுக்குக் கிடைக்காத பாடம் வேறு. தன் வயதுப் பெண்கள் நாலு பேரோடு கூடிப் பேசி ஒரு முடிவெடுத்து, அதை நடத்திப் பார்ப்பது. தப்பானால் தானே திருத்துவது. வீட்டில் அதற்கு வாய்ப்பில்லை, தெருவில் பாதுகாப்பில்லை. மிச்சமிருப்பது பள்ளிக்கூடம்தான். புதிய ஆத்திசூடி எழுதிய பாரதி, பழைய ஆத்திசூடி போல அறத்தில் தொடங்காமல் பயத்தை விடச் சொல்லித் தொடங்கியது காரணத்தோடுதான். ஆனால் பயம் புத்தகத்தைப் படித்துப் போவதில்லை. துணை இருந்தால் போகிறது.

இதை நூறு வருஷத்துக்கு முன்பே இதே சென்னையில் ஒரு பெண் செய்து காட்டியிருக்கிறார். பாரதி கடைசியாக வாழ்ந்த திருவல்லிக்கேணி வீட்டிலிருந்து கடற்கரைப் பக்கம் நடந்தால் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கும் ஐஸ் ஹவுஸில்.

அவர் சகோதரி சுப்புலட்சுமி. 1886இல் மயிலாப்பூரில் பிறந்தவர். 11 வயதில் கல்யாணம். சிறிது காலத்திலேயே கணவர் இறந்துவிட்டார். அந்தக் கால வழக்கப்படி தலையை மழித்து, மூலையில் உட்கார வைத்திருக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் அதற்கு மறுத்துவிட்டார்கள். அப்பாவின் பெயர் சுப்பிரமணிய ஐயர். மகளை வீட்டிலேயே படிக்க வைத்தார், பிறகு கான்வென்ட்டுக்கு அனுப்பினார், பிறகு மாநிலக் கல்லூரிக்கு. ஊர் என்ன பேசியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1911இல் அவர் பி.ஏ. முடித்தபோது, சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவைப் பெண் அவர்தான்.

இங்கே கதை முடிந்திருந்தால் அது ஒரு தனி மனுஷியின் சாதனைக் கதை. சுப்புலட்சுமி தன்னைப் போன்ற பிள்ளைகளைத் தேடிப் போனார். 1912இல் எழும்பூரில் அப்பாவின் வீட்டிலேயே நாலு சின்னப் பெண்களோடு ஓர் இல்லம் தொடங்கினார். நாலு பேருமே குழந்தை விதவைகள். பத்து வயதுக்கு முன்னும் பின்னுமாக இருந்த பிள்ளைகள், 'நீ எதிரே வந்தால் சகுனம் சரியில்லை' என்று சொந்த வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவர்கள். சுப்புலட்சுமியின் சித்தி வாலாம்பாளும் இளம் வயதில் கணவரை இழந்தவர். அவர்தான் இல்லத்தின் அடுப்படியையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். இந்தச் சித்தியைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. எனக்கென்னவோ, பள்ளியின் பாதி அவர்தான் என்று தோன்றுகிறது.

பிள்ளைகள் கூடக் கூட இடம் போதவில்லை. விதவைகள் கூட்டமாக வாழ வீடு வாடகைக்குக் கிடைப்பதே கஷ்டம். அப்போது கண்ணில் பட்டது கடற்கரையில் கேட்பாரற்றுக் கிடந்த ஐஸ் ஹவுஸ். 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிகளைப் பதுக்கி வைக்கக் கட்டிய கட்டடம். 1897இல் விவேகானந்தர் சில நாள் தங்கியதும் அங்கேதான். 1917இலிருந்து அந்த வட்டக் கட்டடம் இந்தப் பெண்களின் விடுதி ஆனது.

அங்கே நடந்ததை நினைத்துப் பார்த்தால், 'குணநலக் கல்வி' என்று இன்று நாம் பெரிய பெயர் வைப்பதெல்லாம் எவ்வளவு எளிமையாக நடந்திருக்கிறது என்று தெரியும். வீட்டில் தனியே சாப்பிட்ட பெண், இங்கே பந்தியில் பத்துப் பேரோடு உட்கார்ந்தாள். மற்றவர் கண்ணில் படக்கூடாது என்று ஒளிந்தவள், சாயங்காலம் கும்பலாகக் கடற்கரையில் நடந்தாள். தலைமுடி வளர்ந்தது. பெரியவள் சின்னவளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். இல்லத்தை நடத்தியவரும் தங்களைப் போலத்தான் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். அதைவிடப் பெரிய நீதிபோதனை வேறு என்ன இருக்கிறது?

அடுத்த படி முக்கியமானது. படித்த பெண்கள் சம்பாதிக்க வேண்டும். 1922இல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது சுப்புலட்சுமிதான் முதல் முதல்வர். விதவையாக உள்ளே வந்த பெண், டீச்சராக வெளியே போனாள். ஊர் ஊராகப் பெண்கள் பள்ளிகளுக்கு டீச்சர்கள் கிடைத்ததற்கு இது ஒரு காரணம். வயதில் பெரிய பெண்களும் படிக்க 1927இல் சாரதா வித்யாலயா வந்தது. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 1929இல் வந்தபோது அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் சுப்புலட்சுமியும் ஒருவர். பின்னாளில் பத்மஸ்ரீ, மேலவை உறுப்பினர் பதவி எல்லாம் அவரைத் தேடி வந்தன.

இத்தனையும் சொல்லிவிட்டு, இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஐஸ் ஹவுஸ் விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டும்தான். மற்ற சாதிப் பெண்களோடு சேர்த்து வைத்தால் வைதீகக் குடும்பங்கள் பிள்ளைகளை அனுப்பாது என்ற பயம். அந்தக் காலத்தில் அது உண்மையான பயமாகவே இருந்திருக்கலாம். பக்கத்து மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் சுப்புலட்சுமி பள்ளி நடத்தினார். ஆனால் அது தனிப் பள்ளி; பந்தி ஒன்றல்ல. ஒரு சுவரை இடித்த இடத்திலேயே இன்னொரு சுவர் நின்றது.

பந்தி சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். அதே 1920களில் வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு என்ற பிரச்னை வெடித்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்து நின்றார்கள். தமிழ்நாட்டு அரசியலே திசை மாறியது. தேசபக்தி, உடற்பயிற்சி, தமிழ் எல்லாம் சொல்லிக் கொடுத்த நல்ல பள்ளிதான் அது. சாப்பாட்டு இலை அத்தனை பாடத்தையும் அழித்துவிட்டது.

சரியான பந்தி எப்படி இருக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. அதுவும் வடசென்னைக்காரர் தந்தது. வண்ணாரப்பேட்டையில் வாழ்ந்த பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கினார். ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவு. பிறகு காமராஜர், எம்.ஜி.ஆர்., 2022இலிருந்து காலை உணவு என்று அந்தப் பந்தி நீண்டுகொண்டே வந்திருக்கிறது. தட்டோடு வரிசையில் நிற்கும்போது நீ யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்பதில்லை.

எம்.கே.பி. நகர்ப் பெண்ணிடம் திரும்பி வருவோம். பாரதியின் பெயர் இன்னொரு வழியாகவும் அவளைத் தொடுகிறது. பிராட்வேயில் இருக்கும் பாரதி மகளிர் கல்லூரியில்தான் 2022 செப்டம்பர் 5 அன்று 'புதுமைப் பெண்' திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய், அவள் பெயரிலேயே வங்கிக் கணக்கில். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இது மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த பழைய திட்டத்தின் மறு உருவம். முன்பு அந்தப் பணம் கல்யாணத்துக்குக் கிடைத்தது, தாலிக்குத் தங்கத்தோடு. இப்போது படிப்புக்குக் கிடைக்கிறது. 'பத்தாவது முடிச்சதும் ஒரு இடத்துல குடுத்துடலாம்' என்று பேசும் வீட்டில், அந்த ஆயிரம் ரூபாயைக் காட்டி இன்னும் மூன்று வருஷம் கேட்க ஒரு பெண்ணால் முடியும். கேட்பதற்கு வாய் வேண்டும். அந்த வாய் பதினேழு வயதில் திடீரென்று முளைக்காது.

அதற்குத்தான் பள்ளியில் சேர்ந்து வாழும் பழக்கம். 2024இல் அரசுப் பள்ளிகளில் 'மகிழ் முற்றம்' என்று ஒன்று வந்தது. எல்லா வகுப்புப் பிள்ளைகளையும் கலந்து குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுக்கள். தனியார் பள்ளிகளில் ரெட் ஹவுஸ், புளூ ஹவுஸ் என்று நெடுநாளாக இருப்பதுதான். பெயர் நமக்கு நெருக்கமானது. வடசென்னைப் பிள்ளைக்கு நெய்தல் என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை, காசிமேட்டுக்குப் போனால் போதும். ஆறாம் வகுப்புச் சிறுமியும் ஒன்பதாம் வகுப்பு அக்காவும் ஒரே குழு. அக்காவுக்குத் தலைமை, சிறுமிக்கு ஆள் துணை. இதுபோக சாரணியர், நாட்டு நலப்பணித் திட்டம், பசுமைப்படை எல்லாம் ஏட்டில் உண்டு. பிரச்னை அந்த ஏட்டில்தான். பேட்ஜ் குத்தி, போட்டோ எடுத்து, பிறகு அந்த நேரத்தையும் கணக்குக்குக் கொடுத்துவிட்டால் நீதிபோதனைக் கதையேதான்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. 'சுத்தம் கற்றுக் கொடுக்கிறோம்' என்று பிள்ளைகள் கையில் துடைப்பம் கொடுப்பது. காந்தியின் ஆதாரக் கல்வியில் ஆசிரியரும் மாணவரும் முறை வைத்துத் தங்கள் இடத்தைத் தாங்களே சுத்தம் செய்தார்கள். அது நல்ல பாடம். நம் ஊரில் கழிவறையைக் கழுவக் குறிப்பிட்ட பிள்ளைகளை மட்டும் அனுப்பியதாகச் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. அது தண்டனையைவிட மோசம். ஒரே துடைப்பம்தான், முறைப் பட்டியலில் எல்லார் பெயரும் வந்தால் ஒரு பாடம், சிலர் பெயர் மட்டும் வந்தால் வேறு பாடம். இரண்டையும் பிள்ளை சாகும்வரை மறக்காது.

பெற்றோர் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசி பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். பெரும்பாலான அம்மாக்கள் கூட்டத்துக்குப் போனதும் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மார்க் எப்படி என்று டீச்சரைக் கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அரை நாள் கூலி போய்விடும்.

போகிற அந்த ஒரு தடவை, மார்க் கேட்டு முடித்ததும் இன்னும் ரெண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். போன வாரம் பி.டி. பீரியடில் பிள்ளைகள் மைதானத்துக்குப் போனார்களா? மகிழ் முற்றத்தில் என் பெண் எந்தக் குழு, அவர்கள் கடைசியாக எப்போது கூடினார்கள்? அப்படியே, வகுப்பைப் பெருக்குகிற முறைப் பட்டியல் எங்கே ஒட்டியிருக்கிறது என்று கேட்டு, போய் நின்று வாசித்துவிட்டு வாருங்கள். உங்கள் பெண்ணின் பெயர் அதில் எத்தனை தடவை இருக்கிறது, பக்கத்துப் பெஞ்சுப் பெண்ணின் பெயர் எத்தனை தடவை இருக்கிறது என்று எண்ணியும் பாருங்கள்.